சம்பந்தியம்மாவுக்குக் கொடுத்த அந்த ஒரு ஸ்பூன்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. அஞ்சாம் வகுப்போடு சரி. அதுவும் கர்நாடகத்தில், கொள்ளேகாலம் பக்கத்துக் கௌதள்ளியில், ஒரே அறையில் எல்லா வகுப்பும் நடந்த பள்ளிக்கூடத்தில். துணைக்கால் போடுகிற இடத்தில் போடாமலும், ஒற்று வைக்கக் கூடாத இடத்தில் வைத்தும் எழுதியிருப்பேன். நடந்ததில் முன்னே பின்னே மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதச் சொன்னது என் மருமகள்தான். "அத்தை, நீங்க வாயத் தொறந்து சொல்ல மாட்டீங்க. எழுதியாச்சும் வைங்க" என்றாள்.

வாயைத் திறக்க மாட்டேன் என்பது நிஜம். வயசானால் வெட்கம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. டவுன் பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தால் "நிறுத்துங்க" என்று சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த நிறுத்தம் வரை போய், நடந்தே திரும்பி வருவேன். (என் முழங்கால் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார் என் வீட்டுக்காரர்.)

மைசூரில் மண்டி மொஹல்லாவில் எங்களுக்குச் சாக்குக் கடை. கீழே கடை, மேலே வீடு. படி செங்குத்தாக இருக்கும். நாளைக்கு எத்தனையோ தரம் ஏறி இறங்கி, ஒரு கட்டத்தில் சுவரைப் பிடிக்காமல் ஏற முடியவில்லை. வலி மாத்திரை போட்டால் வயிறு எரிந்தது. கடைசியில் என் நாத்தனார் ருக்மணி என்னை ஓர் ஆயுர்வேத டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். ருக்மணி பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். எனக்கு இல்லாத வாயையும் சேர்த்து ஆண்டவன் அவளுக்கே கொடுத்திருக்கிறார்.

டாக்டரம்மா காலை மடக்கிப் பார்த்துவிட்டு, கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார். "விஜயான்னு ஒரு எண்ணெ இருக்கம்மா. சொட்டு மருந்து. வலி கொறையும், தூக்கமும் வரும்."

"என்னதுல பண்றது டாக்டர்?" என்றாள் ருக்மணி.

"கஞ்சா எலையில."

நான் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் மலையடிவாரத்தில் யாராவது அந்தச் செடியை வைத்தால் போலீஸ் ஜீப் வந்துவிடும். ஜீப் வந்த வீட்டில் மூணு தலைமுறைக்குப் பெண் எடுக்க மாட்டார்கள்.

டாக்டரம்மா சிரித்தார். "அது வேற, இது வேறம்மா. பூவு, பிசினு எல்லாம் குத்தம். கையில வெச்சிருந்தாலே குத்தம். இது எலையில, லைசென்ஸ் இருக்கற கம்பெனி பண்றது. டாக்டர் சீட்டு இருந்தாத்தான் குடுப்பாங்க. ஆனா நான் சொல்ற மாதிரிதான் எடுக்கணும். கேளுங்க."

கேட்டேன். சாப்பிட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். சொன்ன சொட்டுக்கு மேல் கூடாது. எடுத்த உடனே ஒன்றும் தெரியாது, ஒரு மணி நேரம், சிலருக்கு ரெண்டு மணி நேரம்கூட ஆகும். தெரியவில்லையே என்று இன்னொரு தரம் எடுத்தால் அப்புறம் ரெண்டும் சேர்ந்து வந்து உட்காரும். பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். மருந்து எடுத்த பிறகு வண்டி ஓட்டக் கூடாது, மிஷின் எதையும் தொடக் கூடாது. வேறு பாட்டிலில் ஊற்றி வைக்கக் கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். கடைசியாக விரலை ஆட்டிச் சொன்னார்: "யாருக்கும் குடுக்கக் கூடாது. அதே காலு, அதே வலின்னு அழுதாலும் கூடாது. அவங்கள இங்க அனுப்புங்க."

படிக்காதவளுக்கு ஒருவர் விதி சொன்னால் அது வேதம். மருந்து எடுத்த பிறகு நான் மிக்சியைத் தொடுவதில்லை, கிரைண்டரைத் தொடுவதில்லை. குக்கர் மிஷினா இல்லையா என்று தெரியாமல் ஒரு நாள் பூராவும் யோசித்தேன். டிவி ரிமோட்டையும் தொடவில்லை. கல்யாணமானதிலிருந்து முதல் முறையாக என் வீட்டுக்காரர் தனக்குப் பிடித்ததைப் பார்த்தார். அந்த மருந்தை அவர் புகழ்ந்த மாதிரி டாக்டரம்மாகூடப் புகழ்ந்ததில்லை.

பாட்டிலை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை மகன் சிவாவிடம் கொடுத்துவிட்டேன். என்னிடம் இருந்தால் ருக்மணி கேட்பாள், நான் கொடுத்துவிடுவேன். சிவா ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அந்தச் சாவியைக் கம்பெனி அடையாள அட்டை நாடாவிலேயே கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

கால் தேவலையானது. துள்ளி ஓடவில்லை. சுவரைப் பிடிக்காமல் மாடி ஏறினேன், அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்குத்தான் நான் தவம் கிடந்தேன். காரணம் சிவா.

எங்கள் ஜனத்தில் இப்போது பையன்களுக்குப் பெண் கிடைப்பது குதிரைக் கொம்பு. சிவாவுக்கு முப்பத்து மூணு தாண்டிவிட்டது. ஜாதகம் வரும், போகும். ஒரு இடத்தில், "மாமியாருக்குக் கால் வராதாமா. எம் பொண்ணு மாடிக்கும் கீழுக்கும் சோறு தூக்கோணுமா?" என்றே கேட்டு அனுப்பினார்கள். என் முழங்கால் என் மகனின் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றது. அப்போதுதான் கொள்ளேகாலத்திலிருந்து கவிதாவின் ஜாதகம் வந்தது. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து சிவா தன் சட்டையைத் தானே இஸ்திரி போட ஆரம்பித்தான். ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "அம்மா, இந்த எடமும் போச்சுன்னா விட்டுரு. இனி பாக்க வேண்டாம்."

பெண் வீட்டிலிருந்து எங்கள் வீடு பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பெண்ணின் அம்மா பழனியம்மா, பெண்ணின் பெரியப்பா நாச்சிமுத்து. பெண்ணின் அப்பாவுக்கு மக்காச்சோளம் அறுப்பு, வரவில்லை. அந்தக் குடும்பத்தில் எல்லாம் பெரியப்பா வைத்ததுதான் சட்டம் என்று முன்பே காதில் விழுந்திருந்தது.

பழனியம்மா அன்றைக்குக் காலையில் மகள் கல்யாணத்துக்காக வேண்டிக்கொண்டு சாமுண்டி மலையைப் படி வழியாகவே ஏறிவிட்டு வந்திருந்தார். எங்கள் சந்துக்குள் ஆட்டோ வராது. முனையில் இறங்கி நடந்து, எங்கள் மாடிப்படியையும் ஏறி வந்து உட்கார்ந்தபோது ரெண்டு காலையும் கையால் தூக்கித்தான் வைத்தார்.

நாச்சிமுத்து உட்காரவே இல்லை. "சந்து இத்தினி குறுகலா இருக்குதே" என்றார். ஜன்னலைப் பார்த்தார். "காத்து கெழக்க இருந்து வராதாட்ட இருக்குது." மேலே பார்த்தார். "ஃபேன் சத்தம் போடுது."

என் வீட்டுக்காரர், "சாக்குத் தூசிங்க, தொடச்சா நின்னுரும்" என்றார். அவர் எதைப் பேசினாலும் சாக்கில்தான் போய் முடியும்.

நான் கதவோரம் நின்றுகொண்டு, என் கால் நன்றாக இருக்கிறது என்று காட்டுவதற்காகத் தேவையே இல்லாமல் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தேன். தண்ணீர் கொண்டுபோனேன், கேசரி கொண்டுபோனேன். டம்ளரை ஒவ்வொன்றாக எடுத்து வந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அவர்கள் கண்ணுக்கு நான் தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற நாடா மாதிரி தெரிந்திருப்பேன்.

"ஏனுங்கக்கா, உங்களுக்குக் காலு ஆகாதுன்னாங்க. நீங்க என்னடான்னா இந்த நட நடக்கறீங்க" என்றார் பழனியம்மா.

நான் சிரித்தேன். பதில் சொல்ல வெட்கம். ஒத்தாசைக்கு வந்திருந்த ருக்மணிக்கு அது கிடையாதே. "எங்கண்ணி ஒரு சொட்டு மருந்து எடுக்கறாங்க. தேவாமிர்தம்" என்றாள்.

"அக்கா, எனக்கும் ஒரு வாய் குடுங்கக்கா. கீழ எறங்கற வரைக்கும் தாங்கினாப் போதும்."

இதுதான் இடி. வீடு பார்க்க வந்த பெண் வீட்டார் வாய் திறந்து கேட்டதை இல்லை என்று சொன்னால் அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்தது. கொடுத்தால் டாக்டரம்மா விரலை ஆட்டியது பொய்யாகிவிடும். இது இன்ன மருந்து, அதனால் தர முடியாது என்று விளக்கலாம். அதற்கு கஞ்சா என்ற வார்த்தையை நாச்சிமுத்து எதிரில் என் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் நான் மாடியிலிருந்து குதித்திருப்பேன்.

சமையலறைக்குள் போனேன். சிவா பின்னாலேயே வந்தான். கழுத்து நாடாவைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தான். "அம்மா, சாவி குடுக்க மாட்டேன்."

"நான் கேக்கவே இல்லையே."

வாணலியில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் காய்ச்சி, ஓமம் பொரித்துப் போட்டு, ஒரு சிட்டிகை மிளகு போட்டு ஆற்றினேன். நல்லெண்ணெயும் ஓமமும் யாருக்கும் கெடுதல் செய்யாது. மருந்து வாசனையும் அடித்தது. சிவா அதைப் பார்த்துவிட்டு, "நீ இவ்வளவு விவரமா?" என்றான். (எனக்கே அப்போதுதான் தெரியும்.)

பழனியம்மா அந்த ஸ்பூனைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். மேலே கொஞ்சம் சூடான பால் குடித்தார். டம்ளரைக் கீழே வைப்பதற்குள், "எறங்குதுங்கக்கா" என்றார். "முட்டியில எறங்குது. ஐயோ, என்ன சொகம்." எழுந்து கூடத்தில் ஒரு சுற்று நடந்தார். நல்லெண்ணெய் கம்பெனிக்காரன் பார்த்திருந்தால் விளம்பரத்துக்குப் பிடித்துக்கொண்டு போயிருப்பான்.

நாச்சிமுத்துவுக்குச் சந்தேகம். "என்ன மருந்து அது?"

நான் முந்தானையைத் தேடினேன். ருக்மணி முந்திக்கொண்டாள். "விஜயாங்க. கஞ்சா எலையில பண்றது. லைசென்ஸ் மருந்துதான், பயப்படாதீங்க."

பழனியம்மா நடந்த இடத்திலேயே நின்றார். கண் மெல்ல அகலமானது. "அதானே பாத்தேன்" என்றார். "அப்பவே ஒரு மாதிரி தூக்குச்சு." நாற்காலியில் சாய்ந்தார். முதலில் புன்னகை. அப்புறம் சிரிப்பு. அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"ஏனுங்கக்கா, உங்க கேசரியில நெய்யே இல்ல. மேலாக்க ரெண்டு முந்திரி போட்டா ஆச்சா?"

"ஆமாங்க" என்றேன். நிஜம்தானே.

"கண்ணு சிவா, அந்த மீசைய எடுத்துரு. உனக்கு வேற ஆளோடதாட்ட இருக்குது." சிவா கையால் வாயை மூடிக்கொண்டான். "ஆனா எம்பட பொண்ணு உம்பட போட்டோவ தலகாணிக்கு அடியில வெச்சிருக்கறா, தெரியுமா? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருக்கறா. அவளுக்கு ரசம் வெக்கத் தெரியாது. அடுப்புல வெச்சுட்டு போனப் பாப்பா. பொங்கி ஊத்திரும். நான் மறச்சுக் குடுக்க மாட்டேன்."

"பழனியம்மா, எந்திரி" என்றார் நாச்சிமுத்து.

"இருங்க மாமா. உங்களுக்கும் இருக்குது." பழனியம்மா எங்கள் பக்கம் திரும்பினார். "இந்த மனுசன் போற வீட்டுலயெல்லாம் ஒரு குத்தம் கண்டுபுடிப்பாருங்க. ஒரு வீட்டுல கெணறு மேக்க இருக்குதுன்னாரு. ஒரு மாப்பளைக்குக் காது சிறுசுன்னாரு. இன்னிக்கு உங்க சந்து, உங்க ஃபேன். எதுக்குத் தெரியுமுங்களா? இவரு மச்சான் பையன் ஒருத்தன் சும்மா சுத்தீட்டு இருக்கறான். எம் பொண்ண அவனுக்குக் கட்டோணும். பொண்ணுக்கு இருபத்தொம்பது ஆச்சு. நான் எத்தன மலைதான் ஏறுவேன்?"

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். சிரிப்பு முடியாமலேயே அழுகை வந்தது.

நாச்சிமுத்துவின் முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. "பொண்ணு குடுக்க வந்தவங்களுக்குக் கஞ்சா குடுத்து வாயப் புடுங்கற குடும்பமா இது? இந்தச் சம்பந்தமே வேண்டாம். இப்பவே ஆட்டோ கூப்புடு, ஆஸ்பத்திரிக்குப் போறோம். அங்கிருந்து போலீசுக்கும் போறேன்."

சிவா என்னைப் பார்த்தான்.

நான் பேசியே ஆக வேண்டும். வாயைத் திறந்தேன். "அது நல்லெண்ணெய்ங்க" என்றேன். ஆனால் என் குரல் என் குரல்தானே. பக்கத்து நாற்காலியைத் தாண்டவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பழனியம்மாவுக்கு மட்டும் கேட்டது.

அவர் அழுகை நின்றது. முகம் வெளுத்துப்போயிற்று. நான் இன்னும் கொஞ்சம் மெதுவாக, "நெஜ மருந்தா இருந்தாலும் வேல செய்ய மணிக்கணக்கா ஆகுமுங்க" என்றும் சொல்லி வைத்தேன். (இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.) அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். மலை ஏறி வந்த ஆளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"அக்கா" என்றார் உதட்டை அசைக்காமல். "அது மருந்துதானுங்க. மருந்துதான்னு சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருந்து இல்லையென்றால், புருஷனின் அண்ணனை நேருக்கு நேர் பேசியது பழனியம்மாதான். தெளிந்த புத்தியோடு, பகல் வெளிச்சத்தில், அந்நியர் வீட்டில். பெரியப்பா வைத்ததே சட்டம் என்கிற அந்தக் குடும்பத்தில்தான் அவர் காலம் பூராவும் இருக்க வேண்டும்.

"என்ன குசுகுசுன்னு?" என்றார் நாச்சிமுத்து. "என்ன சொல்றாங்க அந்தம்மா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது என் கல்யாணத்தில்தான். அன்றைக்கும் நான் தலையை நிமிர்த்தவில்லை. இப்போது நிமிர்த்தினேன்.

"மருந்துதானுங்க" என்றேன். சத்தமாக. கீழே கடைப் பையன்களுக்குக்கூடக் கேட்டதாம். "என்ர கை தவறி சொட்டுக் கூடிப்போச்சுங்க. அம்மா மேல தப்பே இல்ல. என்ன பேசறோம்னே அவங்களுக்குத் தெரியாது."

சிவா, "அம்மா, சாவி என்கிட்ட..." என்று ஆரம்பித்தான். அவன் காலை மிதித்தேன். மருந்தின் புண்ணியத்தில் நன்றாகவே மிதிக்க முடிந்தது.

பழனியம்மா உடனே கண்ணைச் சொருகிக்கொண்டு, "தல சுத்துது" என்றார்.

நாச்சிமுத்து தயங்கினார். ஒரு பக்கம் பார்த்தால் அவருக்கு அவமானம். இன்னொரு பக்கம் பார்த்தால், போதையில் உளறியதற்கு யார் கோபித்துக்கொள்வது? போலீசுக்குப் போனால் என்ன உளறினார் என்பதையும் அங்கே சொல்ல வேண்டிவரும். ஆனால் உளறல்தான் என்றால் அவர் குற்றம் கண்டுபிடிக்க வந்தவர் இல்லை என்று ஆகவேண்டும். வேட்டியை ஒரு தரம் அவிழ்த்துக் கட்டினார். தொண்டையைச் செருமினார். கடைசியில் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நான் எங்கைங்க குத்தம் பாத்தேன்?" என்றார்.

என் வீட்டுக்காரர், "எங்கயும் பாக்கலைங்களே. நல்ல கோணிச் சாக்குக்கே ரெண்டு எடத்துல ஓட்ட இருக்கும்" என்றார். யாருக்கும் புரியவில்லை. ஆனால் ஆறுதலாக இருந்தது.

"மச்சான் பையனாமா, கட்டி வெக்கறனாமா. பொம்பள மருந்து மயக்கத்துல என்னமோ சொல்லுது" என்றார் நாச்சிமுத்து. அப்புறம் தன் பேச்சிலேயே தான் மாட்டிக்கொண்டு, "எனக்கு அப்படி ஒரு நெனப்பே இல்ல. வேணும்னா இப்பவே உப்புச் சக்கரை மாத்திக்கலாம்" என்றார்.

எங்கள் வழக்கத்தில் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் சம்பந்தம் உறுதி. நான் சமையலறைக்கு ஓடினேன். நிஜமாகவே ஓடினேன். அவர் மனசு மாறுவதற்குள் உப்பு ஜாடியையும் சர்க்கரை டப்பாவையும் அப்படியே தூக்கி வந்து அவர் கையில் திணித்தேன். தட்டில் வைத்துக் கொண்டு வரவேண்டும் என்பதே தோன்றவில்லை. மயக்கத்தில் இருந்த பழனியம்மா ஒற்றைக் கண்ணைத் திறந்து, "தட்டு" என்றார்.

அடுத்த தரம் மருந்து வாங்கப் போனபோது ருக்மணி எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் ஒப்பித்துவிட்டாள். அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் உள்ளே ஓடி வந்தாள். சிரித்து முடித்துத் திட்டவும் செய்தார். "குடுக்காம இருந்தது சரி. குடுத்தேன்னு சொன்னது தப்பு. இப்ப அவங்க ஊர்ல எல்லாரும், அது விருந்தாளிக்கு ஊத்தற சாமான்னு நெனப்பாங்க."

அப்படியேதான் ஆனது. கொள்ளேகாலத்தில் கல்யாணத்தன்று என் கையால் பால் வாங்கிக் குடிக்க ஒருவர்கூட வரவில்லை. என்னைக் கண்டால் குழந்தைகளை இழுத்துக்கொண்டார்கள். அதே சமயம் பந்தி முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் வயசான ஆண்கள் ஒவ்வொருவராக வந்து, "அம்மணி, எனக்குங்கூட முட்டி வலிதான். ஒரு சொட்டு இருக்குமுங்களா?" என்று கேட்டார்கள். வந்தவர்களுக்கெல்லாம் நான் தலையை நிமிர்த்தி, விரலை ஆட்டிச் சொன்னேன்: "ஒருத்தர் மருந்த இன்னொருத்தர் குடிக்கக் கூடாதுங்க. டாக்டரப் பாருங்க, சீட்டு வாங்குங்க, பூட்டி வைங்க, அன்னிக்கு டிராக்டர் ஓட்டாதீங்க." நாச்சிமுத்துவும் வந்தார். அவருக்கும் அதையேதான் சொன்னேன். நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டு போனார்.

கவிதா வந்து இப்போது ரெண்டு வருசம் ஆகிறது. சிவா மீசையை எடுத்துவிட்டான். நடந்ததை அவளிடம் சொன்னது அவன்தான். அதிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் கேட்பார்கள். "அத்தை, ஒரு ஸ்பூன் குடுங்க, உங்க கேசரியப் பத்திப் பேசணும்" என்பாள் கவிதா. அவள் ரசம் பொங்கி ஊற்றும்போது நானும் கேட்பதுண்டு. என் வீட்டுக்காரர் போன வாரம் ரெண்டு ஸ்பூன் கேட்டார். ரிமோட் விஷயமாக.

இதில் சட்டம் பற்றி நான் எழுதியிருப்பது அன்றைக்கு என் காதில் விழுந்தது மட்டும்தான். இலைக்கு என்ன, பூவுக்கு என்ன, எந்த ஊரில் எப்படி என்பதையெல்லாம் படித்தவர்கள் யாராவது சரிபார்த்து, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள். மற்ற விவரங்களையும் எங்கள் வீட்டில் யாரிடமாவது கேட்டுச் சரிபார்க்கலாம். சம்பந்தியம்மாவிடம் மட்டும் கேட்க வேண்டாம். அது நிஜ மருந்துதான் என்று அவர் இன்றைக்கும் சாமுண்டி மேல் சத்தியம் செய்வார்.